பறியைப் பல்லில் கவ்வியிருந்தவளிடம் கேட்ட மூன்று கேள்விகள்

ஏரித் தண்ணியிலேயே பாதி ஆயுசைக் கழித்த என் யம்மாவுக்கு,

முதலில், போன வாரம் விசாரணை நடந்த அன்று கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். மகளிர் குழு நோட்டு எழுதிப் பழகிய கை, ஆட்களை எழுதாமல் மேலே ஓடாது. சாதிச் சான்றுக்கு விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர். காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு வந்த உதவியாளர் ஒருவர். என் வீட்டுக்காரர் ஏழுமலை. உன் பேத்தி சங்கீதா. முப்பது வருடம் உன் பக்கத்திலேயே சேற்றில் தவழ்ந்த எட்டியம்மா அத்தை. நான். வேப்பமரத்தடியில் ஏழு கல்லாக நம் குலதெய்வம் கன்னியம்மா, கன்னிமார் ஏழு பேரும். ஆக மனிதர் ஆறு, தெய்வம் ஏழு.

நீ இல்லை. உன் பறி இருந்தது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் யம்மா. அதனால் உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே சொல்லிக்கொண்டே போவேன், கோபித்துக்கொள்ளாதே. பறி என்றால் பனையோலையில் முடைந்த பை. நம் இருளர் சனம் ஏரியில் இறால் பிடிக்க வலை கிடையாது, படகு கிடையாது. முழங்கால் மடித்துத் தண்ணிக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இறால் கையில் துள்ளினால் அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். பறி பல்லில் இருக்கிறவரை பேச்சு கிடையாது.

இந்த ஒரு விஷயம் ஒரு அதிகாரிக்குத் தெரியாமல் போனதால் என் படிப்பு போயிற்று. அவன் எழுதியதைத்தான் இருபத்து நாலு வருடம் கழித்து உனக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பத்தாவது தேறிய வருடம் உனக்கு நினைவிருக்கும். பொன்னேரியில் விடுதியில் தங்கி மேலே படிக்க, பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். மனு போட்டோம். விசாரிக்க ஒரு ஆள் வருவான் என்றார்கள். அவன் வந்த அன்றைக்கு நான் காட்டூரில் நடவுக்குப் போயிருந்தேன். நீயும் எட்டியம்மா அத்தையும் ஏரியில் இருந்தீர்கள். அவன் கரையிலேயே நின்றான், பைக்கைக்கூட அணைக்கவில்லை. ஏதோ சத்தமாகக் கேட்டானாம். நீ ஒரு கையைச் சேற்றிலிருந்து எடுத்து, இரு என்பதுபோல் தூக்கிக் காட்டினாயாம். நீ கரைக்கு வந்து சேர்வதற்குள் அவன் போய்விட்டானாம்.

பிறகு தபாலில் ஒரு வரி வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது.

நான் உன்னைக் கேட்டேன். கேட்டேனா, கத்தினேன்.

"ஏன் யம்மா வாயத் தொறக்கல? நீ இன்னா ஊமையா?"

"பறி இருந்துச்சுடி."

"எடுத்துட்டுப் பேசறதுக்கு இன்னா? ஒரு பேச்சு! ஒரே ஒரு பேச்சு!"

நீ அடுப்பை ஊதப் போய்விட்டாய். அன்றிலிருந்து வீட்டில் எது நடக்காமல் போனாலும், "அன்னிக்கு நீ வாயத் தொறந்திருந்தா" என்றுதான் நான் ஆரம்பித்தேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, நானே முட்டி மோதிப் பெரிய புத்தகங்களெல்லாம் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகும் அந்த வாக்கியத்தை நான் விடவில்லை. நீயும் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை.

என்னை நீ ஏரிக்குள் இறங்கவே விட்டதில்லை. "படிக்கிற கை, சேத்துல வெக்காத" என்பாய். அதனால் பறியின் கனம் எனக்குத் தெரியாது. நம் சனத்தில் பிறந்தவளே தெரியாமல் இருந்தால், வெளியிலிருந்து வந்தவனை என்ன சொல்ல? இல்லை, சொல்வேன். நான் அறியாமல் பேசியது உன்னிடம். அவன் அறியாமல் எழுதியது அரசாங்கக் காகிதத்தில். இரண்டும் ஒன்றல்ல.

நீ போவதற்கு நாலு நாள் முன்னால், கஞ்சியை ஒதுக்கிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே, அதை நான் தினமும் கேட்கிறேன்.

"தேசம்மா, அன்னிக்கு அந்த ஆளு இன்னாதான் கேட்டாரு? காத்துல ஒண்ணுமே கேக்கலடி எனுக்கு."

கேள்வியே உன் காதில் விழவில்லையா? இத்தனை வருடமும் பதில் சொல்லாத குற்றத்தைச் சுமந்தவளுக்குக் கேள்வி என்னவென்றே தெரியாதா? அந்த நிமிடம்தான் யம்மா எனக்குள் அழுகை நின்று வேறொன்று தொடங்கியது. அதற்குப் பெயர் பழி. கன்னியம்மா முன்னால் விளக்கு வைத்து, அந்தப் பெயரை நான் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் தகவல் அறியும் உரிமையில் மனு எழுதினேன். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், நாலாவது முறை பழைய கோப்பின் நகல் வந்தது. இப்போது கேட்டுக்கொள். அவன் கரையிலிருந்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறான். உங்கள் தொழில் என்ன? குலதெய்வம் எது? கல்யாணச் சடங்கு எப்படி? அதன் கீழே எழுதியிருக்கிறான்: "மனுதாரரின் தாயார் பதில் ஏதும் கூறவில்லை. தமது பழக்கவழக்கங்கள் பற்றிய அறிவு இல்லை."

தொழில் என்ன என்று, தொழில் செய்துகொண்டிருந்தவளிடம் கேட்டிருக்கிறான் யம்மா! கையும் வாயும் முழுக்கத் தொழிலாக உட்கார்ந்திருந்தவளிடம்!

அந்த நகலைப் படித்த அன்றைக்குத்தான் நான் எட்டியம்மா அத்தையோடு முதன்முதலாக ஏரியில் இறங்கினேன். உன் பறியைத்தான் கவ்வினேன். விளிம்பில் ஒரு இடம் மட்டும் கறுத்து, உன் பல் பட்டுப் பட்டுப் பள்ளமாகியிருந்தது. என் பல்லும் சரியாக அங்கே போய் உட்கார்ந்தது. பத்து இறால் விழுந்ததும் கழுத்து இழுத்தது. உள்ளே அவை துள்ளின. "மாமி வீட்டுச் சேதி ஒண்ணு சொல்லு" என்று அத்தை வேண்டுமென்றே கேட்டாள். வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், பறி சாய்ந்து எல்லாம் போயிற்று. அத்தை சிரிக்கவில்லை. "அன்னிக்கு உங்க அம்மா பறியில ரெண்டு நாளு சோறு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். நீ உயிரோடு இருக்கும்போது கேட்டிருக்க வேண்டியது. அதற்கான தண்டனை எனக்கு உண்டு, நான் தப்பப் பார்க்கவில்லை.

இப்போது சங்கீதா சேதி. பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். பொன்னேரியில் கல்லூரியில் இடம் சொல்லியிருக்கிறார்கள். என்ன படிப்பு தெரியுமா? சமூகவியல். மனிதர்கள் கூட்டமாக எப்படி வாழ்கிறார்கள் என்று படிக்கிற படிப்பாம். தெரிந்த பெண் ஒருத்தியிடம் முன்கூட்டியே புத்தகத்தை வாங்கி வந்துவிட்டாள். அவள் படிப்பதற்குள் நான் முடித்துவிட்டேன். சோறு கொதிக்கிற நேரம், துணி காய்கிற நேரம், விளக்கு வைத்து முடிந்த நேரம் என்று நாற்பது நாளில் முடித்தேன்.

அதில் நம் கதைக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள் யம்மா. இனமையவாதம் என்று ஒரு சொல். தன் வீட்டுப் படிதான் சரியான படி என்று ஊர் நெல்லையெல்லாம் அதனாலேயே அளப்பது என்று நான் புரிந்துகொண்டேன். முத்திரை குத்துதல் என்று இன்னொன்று. ஒருவருக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டால் பிறகு அவர் என்ன செய்தாலும் அந்தப் பெயர் வழியாகத்தான் பார்ப்பார்களாம். காலனியாதிக்கம் பற்றி ஒரு முழுப் பாடம். முதலில் மண்ணை எடுப்பார்கள், பிறகு அந்த மண்ணின் மனிதருக்குப் பெயர் வைப்பார்கள் என்று போகிறது. பிறகு அந்தப் பெயரை அவர்களையே நிரூபிக்கச் சொல்வார்கள் என்பதை நான் பென்சிலால் ஓரத்தில் சேர்த்தேன். சங்கீதா திட்டினாள், இரவல் புத்தகமாம்.

நல்ல புத்தகம்தான். ஆனால் அதிலும் நாம் 'அவர்கள்'தான். "அவர்கள் இயற்கையை வழிபடுகிறார்கள்." "அவர்களது பொருள்சார் பண்பாடு எளிமையானது." படம் போட்டிருக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஓலைப்பை. அந்தப் பையைக் கவ்வுகிற வாய் எப்படி மூடியிருக்கும், அந்த மூடிய வாய்க்குள் என்ன இருக்கும் என்று ஒரு வரி இல்லை. மண்டியிட்டு முடைந்தவள் பேர் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். பண்பாட்டுச் சார்பியல் என்கிற பாடம். ஒரு கூட்டத்தின் வழக்கத்தை அந்தக் கூட்டத்துக்கு உள்ளே நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. உள்ளே என்றால் எவ்வளவு உள்ளே? கணுக்கால் தண்ணியா, முழங்கால் தண்ணியா, இடுப்புத் தண்ணியா? புத்தகம் சொல்லவில்லை. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

சங்கீதாவின் சான்றிதழுக்கு மனு போட்டோம். மறுபடியும் விசாரணை. இந்த முறை வந்தவர் அந்தப் பழைய ஆள் இல்லை, வயது குறைவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். நல்ல மனுஷன் என்றே வைத்துக்கொள். நல்ல மனுஷன் கையிலும் அதே பட்டியல்தான் இருந்தது என்பதால்தான் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"பாம்பு பிடிப்பீங்களா?"

சங்கீதா என்னைப் பார்த்தாள். "எனக்குப் பாம்புன்னா பயம் சார்."

அவர் ஏதோ கோடு போட்டார். "எலி?"

"வயல்ல புடிச்சதுதான் சார், அப்போ" என்றார் உன் மருமகன். "இப்போ மருந்து வெச்சிடறாங்க. அத்தத் துன்னா நாங்கதான் சாவணும்."

"தேன் எடுக்கறது?"

எட்டியம்மா அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏரியில ஏது சார் தேன்கூடு? எறாவா வந்து தேன் கட்டும்?"

"கிண்டல் வேணாம்மா. லிஸ்ட்ல இருக்கறதைத்தான் கேக்கறேன். இருளர்னா காட்டுல இருக்கறவங்க. நீங்க எப்படி ஏரிக்கரையில?"

அதற்குத்தான் நான் காத்திருந்தேன். "காட்டுக்கு வேலி போட்டது யாரு சார்? வெளிய தள்ளினவங்களே ஏன் உள்ள இல்லன்னு கேட்டா நாங்க இன்னா சொல்றது?"

"அதெல்லாம் நான் போட்ட வேலி இல்ல. இந்த லிஸ்டும் நான் எழுதினதில்ல. வெள்ளைக்காரன் காலத்துப் புக்குல இருந்து எடுத்தது. அவங்க சரியாத்தான் எழுதியிருப்பாங்க." பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "டிவி, ஃபேன், பொண்ணு சுடிதாரு. பழங்குடி மாதிரியே இல்லையேம்மா நீங்க."

"அதானே" என்றாள் அத்தை. "உங்க தாத்தா கட்டுன கோமணத்தையா சார் நீங்க இன்னிக்குக் கட்டிகினு வந்துகிறீங்க? பேண்ட்டுல்ல போட்டுகினு கீறீங்க. உங்க சாதி எப்பிடி நாங்க நம்பறது?"

உதவியாளருக்கு இருமல் வந்தது. வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

அதிகாரி அதற்கும் கோபப்படவில்லை. "கையால இறால் பிடிக்கறதை மீனவர் தொழில்னுதான் எழுத வேண்டியிருக்கும்" என்றார். மீனவருக்குப் படகும் வலையும் யார் எங்கே எந்த நாளில் போடுவது என்கிற முறையும் உண்டு, நமக்குக் கையும் பறியும்தான் உண்டு என்று நான் விளக்கினேன். "அப்படியா? காட்டுங்க பாக்கலாம். போட்டோ எடுத்து ரிப்போர்ட்ல வெக்கறேன்" என்று எழுந்தார்.

எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணி வற்றியிருந்த வேளை. அத்தை இறங்கி இரண்டு பிடி இறால் எடுத்தாள். அவர் படம் எடுத்தார். பிறகுதான் யம்மா, நான் கேட்காமலேயே அவர் கேட்டார்: "நானும் ஒண்ணு எடுத்துக்கறேனே. அந்தப் பையைக் குடுங்க, வீட்ல காட்டறேன்." பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினார். நம் உடுப்பைப் போட்டுப் பார்க்கிறதுபோல ஒரு ஆசை. அந்த ஆசைக்கும் புத்தகத்தில் ஏதாவது பெயர் இருக்கும்.

உன் பறியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பிடி இறாலையும் அதற்குள் போட்டேன். உன் பல் பதிந்த இடத்தில் வேறொருவர் பல் படுகிறதே என்று விளிம்பை விடாமல் பிடித்திருந்தேன். ஆனாலும் கொடுத்தேன்.

"நல்லாக் கவ்விக்கோங்க சார். ரெண்டு கையும் சேத்துக்குள்ள வெய்யுங்க. அப்பத்தான் போட்டோல நெசமா இருக்கும்."

உட்கார்ந்தார். உதவியாளர் போனைத் தூக்கினார். நான் கரையில் நின்றுகொண்டு, குழு நோட்டைப் பிரித்து, உரக்கக் கேட்டேன்.

"சார், உங்க தொழில் இன்னா?"

அவர் புருவத்தை உயர்த்தினார். "ம்ம்" என்றார்.

"விட்டுடாதீங்க சார்!" என்று அத்தை கத்தினாள். "எங்க பொழப்பு அதுலதான் கீது!"

"உங்க குலதெய்வம் எது சார்?"

"ம்ம்ம்."

"உங்க வூட்டுக் கல்யாணச் சடங்கு எப்பிடி சார்?"

ஒரு கையைச் சேற்றிலிருந்து எடுத்து, இரு என்பதுபோல் தூக்கிக் காட்டினார். யம்மா, அப்படியே உன்னைப் போல!

நான் எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன். "விசாரணை அதிகாரி பதில் ஏதும் கூறவில்லை. தமது பழக்கவழக்கங்கள் பற்றிய அறிவு இல்லை." பிறகு இடுப்பிலிருந்து உன் கோப்பின் நகலை எடுத்து அதையும் படித்தேன். இரண்டும் ஒரே வார்த்தைகள். உன் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். முனியம்மா. இருபத்து நாலு வருடம் முன்னால், இதே ஏரி, இதே பறி என்றேன்.

அவர் வாய் திறந்தது. பறி சாய்ந்தது. இரண்டு பிடி இறாலும் ஏரிக்கே போயிற்று.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பொங்கலுக்கு இல்லை, சங்கீதா பிறந்தபோது இல்லை, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. அதைச் சொல்ல வெட்கமில்லை. நோட்டில் எட்டியம்மா அத்தை ரேகை வைத்தாள். உன் மருமகன் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி கரையேறிக் கால் கழுவினார். பறியை அலசி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நான் அந்த ஆள் இல்லம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

அது உண்மைதான். அவர் அந்த ஆள் இல்லை. அந்தப் பழைய ஆள் எங்கே இருக்கிறான், இருக்கிறானா செத்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பட்டியல் மட்டும் மாறாமல் கை மாறிக்கொண்டே வருகிறது. அப்படியானால் பழியை யார்மேல் தீர்ப்பது? நின்று கேட்கிறேன், நீயே சொல். கடைசியாக அதைக் கையில் வைத்திருக்கிறவன் மேலா?

அன்று சாயங்காலம் சங்கீதா சாப்பிடவில்லை.

"உன் பழிய நீ தீத்துக்கின. என் சீட்டு?"

"உன் ஆயாவுக்கு அறிவு இல்லன்னு எழுதினவங்கடி."

"எழுதினது அவரில்லம்மா! நீ அவர் வாய அடைச்ச. அவர் இப்போ பேனாவ மூடிட்டாருன்னா நான் எங்க போவேன்? எறா புடிக்கவா?"

நீ என்னைச் சேற்றில் கை வைக்க விடாததுபோல நானும் அவளை விட்டதில்லை யம்மா. உன் மருமகன், "போய் ஒரு வார்த்தை சாரின்னு சொல்லிட்டு வந்துடு, தேசம்மா. வார்த்தைதானே" என்றார். வார்த்தைதானே! இருபத்து நாலு வருடம் நாம் சுமந்ததும் வார்த்தைதானே?

நாலாம் நாள் அந்த உதவியாளர் தனியாக வந்தார். திண்டாட்டமான முகம். "சார் ஒண்ணும் கெட்டவர் இல்லக்கா. ஆனா நீங்க நோட்டுல எழுதின அந்தப் பக்கம் வெளிய போச்சுன்னா அவர் பேர் கெட்டுடும். நோட்டைக் கொண்டாந்து அவர் முன்னால கிழிச்சுடுங்க. வருத்தம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை கையெழுத்து ஆயிடும்."

"கிழிக்கலன்னா?"

"விசாரணைக்கு ஒத்துழைக்கலன்னு போடச் சொல்லியிருக்காரு."

செவ்வாய்க்கிழமையோடு கல்லூரியில் சேரும் நாள் முடிகிறது. இதுதான் யம்மா நிலைமை. ஒரு பக்கம் உனக்காக நான் எழுதிய ஒரே பக்கம். மறுபக்கம் உன் பேத்தியின் படிப்பு.

இரண்டு நாள் நான் கிழிக்கவே மாட்டேன் என்றுதான் இருந்தேன். கன்னியம்மா முன்னால் உட்கார்ந்து, அவன் கை முடங்கட்டும், பேனா உலரட்டும் என்றுகூட வேண்டினேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ஏழு கல்லும் என்னைத் திருப்பிக் கேட்பதுபோல இருந்தது: முனியம்மா அன்றைக்கு எதற்காக வாயை மூடியிருந்தாள்?

பறியில் இருந்ததற்காக. பயந்து இல்லை, தெரியாமல் இல்லை. அவன் கேள்வியைவிடப் பறியில் இருந்தது பெரிது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். அன்றைய உன் பறியில் எனக்கான சோறு இருந்தது. இன்றைய என் பறியில் சங்கீதா இருக்கிறாள். நான் வாயைத் திறந்து சந்தோஷப்பட்டேன். பறி சாய்ந்ததை அப்போது நான் பார்க்கவில்லை.

நேற்று சங்கீதாவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் கோப்பின் நகலை மடியில் வைத்திருந்தாள். எத்தனை முறை படித்தாளோ, மடிப்பு கிழிந்திருந்தது.

"அம்மா, அவர் கிழிக்கச் சொன்னது நோட்டுப் பக்கத்தைத்தானே?"

"ஆமா."

"உன்னைக் கிழிக்கச் சொல்லலையே? உனக்கு எல்லாம் ஞாபகம் கீதுதானே? யார் யார் இருந்தாங்க, யார் இன்னா சொன்னாங்க, எல்லாம்?"

"ஒரு சொல் விடாம."

"அப்போ மொதல்ல எழுது. அப்பறம் கிழி. வருத்தம்னு எழுதறத நான் எழுதித் தரேன். 'நடந்ததுக்கு வருந்துகிறோம்'னு. நடந்தது எதுன்னு அவங்களே புரிஞ்சிக்கட்டும். இனிமே என்னைக் கேக்காம எதையும் செய்யாத."

அதனால்தான் இந்தக் கடிதம். அந்தப் பக்கத்தில் இருந்தது எல்லாம் இதில் இருக்கிறது. ஆட்கள், கேள்விகள், பதில் இல்லாத பதில்கள் எல்லாம். அவர் பெயரை மட்டும் நான் எழுதவில்லை. இரக்கத்தால் இல்லை. அவர் பெயரை எழுதினால் அவர் ஒருவரின் குற்றமாகப் போய்விடும். பட்டியல் தப்பித்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது பட்டியலின் கழுத்து.

இது இப்போதைக்கு உன் படத்துக்குப் பின்னால் இருக்கும். சான்றிதழ் சங்கீதா கைக்கு வந்த மறுநாள் வெளியே வரும். யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உன் பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று பொருள். அந்த வகுப்பில் இனமையவாதம் என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்கும்போது சொல்வதற்கு அவளிடம் ஒரு உதாரணம் இருக்கும்.

உனக்கு என் சத்தியம் இது. திங்கட்கிழமை அந்த மேசை முன்னால் அவர் என்ன கேட்டாலும் உன்னைப் போலவே வாயை மூடிக்கொண்டிருப்பேன். பக்கத்தை என் கையாலேயே கிழிப்பேன். கையெழுத்தான காகிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்து, கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பேன். திறந்தால் மூடமாட்டேன். உன் கோப்பில் அந்த இரண்டு வரியை அடித்து, முனியம்மா அப்போது தொழில் செய்துகொண்டிருந்தாள் என்று எழுதுகிறவரை, ஒவ்வொரு அலுவலகத்துக்கும் மனு போடுவேன். எனக்குப் பிறகு சங்கீதா போடுவாள். நான் மன்னிக்கவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். அந்தப் பக்கத்தில் உன் பெயர் எழுதியிருக்கிறது. உன் பெயர் உள்ள காகிதத்தை உன்னைக் கேட்காமல் கிழிக்க எனக்குக் கை வராது. வெள்ளிக்கிழமை கன்னியம்மா பூசை. எட்டியம்மா அத்தை மேல் அருள் இறங்கும்போது அவள் வாயில் வந்து ஒரு வார்த்தை சொல். கிழிக்கலாமா, வேண்டாமா? இந்த முறை உன் வாயில் பறி இல்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் பதில் வேண்டும் யம்மா, சீக்கிரம் சொல்.

உன்னை ஊமையா என்று கேட்ட உன் மகள்,
தேசம்மா